முதுகெலும்பு ஜவ்வுக்கு மாற்று உண்டா?

(நம் அறக்கட்டளையின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



இன்றைக்கு எனக்குத் தரப்பட்ட தலைப்பு முதுகுவலி. நான் மருத்துவன் அல்ல. உடலுக்குள் வைக்கப்படும் உலோகம், பிளாஸ்டிக், ஜெல் போன்ற பொருட்களை ஆராயும் துறையைச் சேர்ந்தவன். அதனால் முதுகுவலி முழுவதையும் பற்றிப் பேசப் போவதில்லை. நம் மக்கள் அடிக்கடி கேட்கும் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லப் பார்க்கிறேன். "முழங்கால் மூட்டை மாற்றுகிறார்களே, அதைப் போல முதுகில் தேய்ந்துபோன ஜவ்வை எடுத்துவிட்டுப் புதிது வைக்க முடியாதா?" என்பதே அந்தக் கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பின்னால் பணம் இருக்கிறது, பயம் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "டிஸ்க்" என்ற சொல்லைப் பார்த்தவுடனே வீட்டில் இருக்கும் நகை அடகுக்குப் போகிறது. வெளிநாட்டிலிருக்கும் மகன் கடன் வாங்கி அனுப்புகிறார். அறக்கட்டளைக்கு உதவி மனு வருகிறது. இன்னொரு பக்கம், உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் ஒருவர் எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டிலேயே படுத்திருக்கிறார். இரண்டுமே இழப்பு. எந்தப் பொருளால் என்ன முடியும், என்ன முடியாது என்று தெரிந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

ஜவ்வு என்பது என்ன?

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல, அடுக்கி வைத்த எலும்புகள். அவற்றுக்கு இடையே 23 ஜவ்வுகள் இருக்கின்றன. இவற்றைத்தான் மருத்துவர்கள் டிஸ்க் என்கிறார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள் உண்டு. நடுவில் குழைவான ஒரு ஜெல். இளம் வயதில் அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதைச் சுற்றி உறுதியான நார் வளையம். அந்த வளையம் 15 முதல் 25 அடுக்குகள் கொண்டது. ஓர் அடுக்கில் நார்கள் ஒரு பக்கம் சாய்ந்தால், அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். பாய் பின்னுவதைப் போல அல்லாஹ் அமைத்த அமைப்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒரு வரிசை நார் இழுத்துப் பிடிக்கும்.

இதன் மீது ஏறும் சுமை எவ்வளவு தெரியுமா? ஜெர்மனியின் உல்ம் நகரத்து ஆய்வாளர்கள் ஒரு தன்னார்வலரின் இடுப்பு ஜவ்வுக்குள் மெல்லிய அளவுகருவியை வைத்து அளந்து, 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். படுத்திருக்கும்போது உள்ளே இருந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. நிற்கும்போது 5 கிலோ. முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோ எடையைத் தூக்கியபோது 23 கிலோ. அதே எடையை முழங்காலை மடக்கித் தூக்கியபோது 17 கிலோ. ஒரு கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 கிலோவுக்குச் சற்று அதிகம். அப்படியானால் குனிந்து தேக்சாவைத் தூக்கும் சமையல்காரரின் ஜவ்வுக்குள் கார் டயரைப் போலப் பத்து மடங்கு அழுத்தம் ஏறுகிறது.

அது ஒரு முறை மட்டுமல்ல. செயற்கை ஜவ்வு தயாரிக்கும் பொறியாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதர் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் அடிகள் எடுத்து வைக்கிறார், 1.25 லட்சம் முறை நன்றாகக் குனிகிறார். 40 ஆண்டுகளுக்கு 8.5 கோடி முறை. நம் கணக்கையும் பார்ப்போம். ஐந்து வேளை பர்ளு தொழுகை மட்டும் 17 ரக்அத். ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ருகூஉ, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸஜ்தா. ஜவ்வுக்குப் பதிலாக எதை வைத்தாலும் அது இத்தனை முறை வளைந்து கொடுக்க வேண்டும். உடையவும் கூடாது, தேயவும் கூடாது, இடம் நகரவும் கூடாது.

இன்னொரு செய்தி மிக முக்கியம். வளர்ந்தவரின் ஜவ்வுக்குள் இரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டு வழியாகச் சத்து மெல்ல ஊறி உள்ளே போக வேண்டும். இதைக் கண்ணால் காணும்படி காட்டிய முக்கியமான ஆய்வு நம் கோயம்புத்தூரில் நடந்தது. கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவரது குழுவினரும் நோயாளிகளுக்குச் சாய மருந்து செலுத்தி, 24 மணி நேரம் வரை திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மருந்து ஜவ்வின் நடுப்பகுதியை அடையப் பல மணி நேரம் ஆகிறது என்பதையும், எலும்புத் தட்டு பழுதுபட்டால் அந்த ஊற்று கெடுகிறது என்பதையும் காட்டினார்கள். 2004-ல் அந்த ஆய்வுக்கு உலக அளவிலான முதுகெலும்பு ஆய்வுப் பரிசு கிடைத்தது. கையில் பட்ட வெட்டுக்காயம் ஒரு வாரத்தில் ஆறுகிறது, கிழிந்த ஜவ்வு ஏன் பழையபடி ஆறுவதில்லை என்பதற்குக் காரணம் இதுதான். பீடி, சிகரெட் புகைப்பது ஜவ்வைக் கெடுக்கும் என்று சொல்வதும் இதனால்தான். அது நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி, வருகிற கொஞ்ச நஞ்சச் சத்தையும் குறைத்துவிடுகிறது.

முதல் முயற்சி: உலோகக் குண்டு

1960-களில் சுவீடனில் உல்ஃப் ஃபெர்ன்ஸ்ட்ரோம் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், ஜவ்வை எடுத்த இடத்தில் துருப்பிடிக்காத எஃகுக் குண்டு ஒன்றை வைத்தார். குண்டு உடையாது, தேயாது. ஆனால் என்ன ஆனது? எலும்புக்குள் புதைந்தது. ஈர மணலில் கட்டில் கால் இறங்குவதைப் போல. முதுகெலும்பின் உட்புறம் பஞ்சு போன்றது. கடினமான குண்டு ஒரு சிறு இடத்தில் மட்டும் அழுத்தினால் அந்த எலும்பு தாங்காது.

இதிலிருந்து கிடைத்த முதல் பாடம்: பொருள் வலுவாக இருப்பது மட்டும் போதாது, அக்கம்பக்கத்து எலும்போடு ஒத்துப்போக வேண்டும்.

இரண்டாவது முயற்சி: தட்டும் பிளாஸ்டிக்கும்

அடுத்தது கிழக்கு பெர்லின் நகரின் சாரிட்டே மருத்துவமனையில் நடந்தது. கூர்ட் ஷெல்நாக், காரின் பூட்னர்-யான்ஸ் என்ற இரு மருத்துவர்கள் செயற்கை ஜவ்வு ஒன்றை வடிவமைத்தார்கள். அந்தப் பெண் மருத்துவர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்கில் இரண்டு தங்கப் பதக்கம் வென்றவர். முதுகு எப்படி வளைகிறது என்பதை உடலாலேயே அறிந்தவர். மேலே ஓர் உலோகத் தட்டு, கீழே ஓர் உலோகத் தட்டு, நடுவில் வழுக்கி நகரும் பாலிஎத்திலீன் வில்லை. 1984-ல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தினார்கள். ஆரம்பத்தில் வைத்த எஃகுத் தட்டுகளில் குறை தெரிந்தது. 1987-ல் கோபால்ட்-குரோமியம் கலவைக்கு மாறினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2004-ல்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதற்கு அனுமதி தந்தது.

நடுவில் இருக்கும் அந்த பாலிஎத்திலீன் புதிய பொருள் அல்ல. இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி 1962-லேயே இடுப்பு மூட்டு மாற்றுக்குப் பயன்படுத்திய வகைதான். நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பல மடங்கு உறுதியானது.

இந்த வகைச் செயற்கை ஜவ்வு பலருக்கு நன்றாக உதவியிருக்கிறது. குறிப்பாகக் கழுத்துப் பகுதியில் வைப்பவை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவை நகர்கின்றன, அவ்வளவுதான். இயற்கை ஜவ்வைப் போல அழுத்தத்தை உள்வாங்கும் மெத்தையாக இருப்பதில்லை. உலோகத்தின் மீது பிளாஸ்டிக் உரசும்போது மிக நுண்ணிய துகள்கள் உதிரும். உடல் அவற்றை அந்நியமாகப் பார்த்துச் சண்டைக்கு வரும், பக்கத்து எலும்பு கரையலாம். இடுப்பு ஜவ்வுக்கு வயிற்றுப் பக்கமாகப் பெரிய இரத்தக் குழாய்களை ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும். எலும்பு மெலிந்தவர்களுக்கும், பின்புறச் சிறு மூட்டுகள் தேய்ந்தவர்களுக்கும், கிருமித்தொற்று உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. அமெரிக்காவின் அரசு மூத்தோர் காப்பீடு 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இடுப்புச் செயற்கை ஜவ்வுக்குப் பணம் தருவதில்லை என்று 2007-ல் முடிவெடுத்தது. ஆகவே "வாப்பாவுக்கு 68 வயது, புது ஜவ்வு வைத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரிடமும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நம் ஊரில் அதிகம் நடப்பது வேறு. ஜவ்வை எடுத்துவிட்டு, இரண்டு எலும்பையும் ஒன்றாக ஒட்டவைக்கும் இணைப்பு அறுவை சிகிச்சை அது. இடையில் வைக்கும் சிறு கூண்டு டைட்டானியத்தால் ஆனது, அல்லது பீக் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. கோபால்ட்-குரோமியம் எலும்பின் கெட்டியான மேற்புறத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் விறைப்பானது. டைட்டானியம் ஐந்தாறு மடங்கு. பீக் அந்தக் கெட்டியான எலும்பைவிட நெகிழ்வானது, எக்ஸ்ரேயில் நிழல் விழாது. இணைப்பு சிகிச்சையில் அந்த ஓர் இடத்தில் அசைவு நின்றுவிடும். பக்கத்து ஜவ்வுகளுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை விழலாம்.

"அப்படியானால் ருகூஉ, ஸஜ்தா செய்ய முடியுமா?" என்று கேட்பீர்கள். நாம் குனிவதில் பெரும்பங்கு இடுப்பு மூட்டிலிருந்து வருகிறது. ஓர் இடத்தில் இணைத்தவர்களில் பலர் குணமான பிறகு வழக்கம்போல் தொழுகிறார்கள். எப்போது தொடங்கலாம் என்பதை அறுவை செய்த மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை எப்படித் தொழுவது என்பதை ஹஜ்ரத்திடம் கேளுங்கள். இயலாதவருக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நாற்காலியில் அமர்ந்து தொழுபவரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அவர் முதுகில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

மூன்றாவது முயற்சி: ஜெல்

ரமலானில் நோன்பு திறக்கும்போது நம் வீடுகளில் கடல்பாசி இருக்கும். கொஞ்சம் பாசி, நிறையத் தண்ணீர். ஆறியதும் தண்ணீரைத் தனக்குள் பிடித்துவைத்துக்கொண்டு கட்டியாக நிற்கிறது. இந்த மாதிரிப் பொருளை நாங்கள் ஹைட்ரோஜெல் என்போம். குழந்தைக்குக் கட்டும் டயப்பருக்குள் இருப்பதும், கண்ணில் வைக்கும் மென்மையான லென்ஸும் இதே இனம். ஜவ்வின் நடுப்பகுதியும் இயற்கையான ஹைட்ரோஜெல்தான். பகலில் நம் எடை அழுத்தும்போது அதிலிருந்து தண்ணீர் கொஞ்சம் வெளியேறுகிறது, இரவில் படுக்கும்போது திரும்ப ஊறுகிறது. காலையில் நாம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பதும் இதனால்தான்.

அப்படியானால் முழு ஜவ்வையும் எடுக்காமல் நடுப்பகுதிக்கு மட்டும் ஜெல் வைத்தால் என்ன? அமெரிக்காவின் டாக்டர் சார்லஸ் ரே அதைத்தான் செய்தார். காய்ந்த ஜெல்லை பாலிஎத்திலீன் நூலால் நெய்த சிறு உறையில் போட்டு உள்ளே வைத்தார். உடலின் நீரை உறிஞ்சி அது உப்பும். 1996-ல் நோயாளிகளுக்கு வைக்கத் தொடங்கினார்கள். யோசனை அழகானது. ஆனால் சிலருக்கு அந்த உறை வைத்த இடத்தைவிட்டு நகர்ந்து வெளியே வந்தது. காரணம் எளிது. ஜெல்லை உள்ளே வைக்க நார் வளையத்தில் ஒரு வாசல் திறக்க வேண்டும். அந்த வாசல் ஆறி மூடுவதில்லை. உள்ளே போன வழியாகவே அது வெளியே வருகிறது. உறை இல்லாமல் வெறும் ஜெல் வைத்தாலோ, கரண்டி பட்ட கடல்பாசி போல நொறுங்கும் பயம்.

இரண்டாவது பாடம் இது: நடுவில் என்ன வைக்கிறோம் என்பதைவிட, கிழிந்த வளையத்தை எப்படி அடைப்பது என்பதே பெரிய கேள்வி.

அதற்கும் ஒரு விடை வந்தது. பிதுங்கிய ஜவ்வை அகற்றிய பிறகு, ஓட்டை பெரிதாக இருந்தால், அதை நெய்த துணி போன்ற ஒரு பாலிமர் தடுப்பால் அடைத்து, டைட்டானிய நங்கூரத்தால் எலும்பில் பிடிப்பார்கள். பாரிகெய்டு என்பது அதன் பெயர். 2019-ல் அமெரிக்கா அனுமதித்தது. ஐரோப்பாவில் 554 பேரிடம் நடந்த ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குள் வலியோடு மறுபடி பிதுங்கியது தடுப்பு வைக்காதவர்களில் 25 சதவீதம், வைத்தவர்களில் 12 சதவீதம். பாதியாகக் குறைந்திருக்கிறது. அதே சமயம், வைத்தவர்களின் எலும்புத் தட்டில் மாற்றங்கள் அதிகம் தெரிந்தன. ஒவ்வொரு பொருளும் ஒன்றைத் தந்து ஒன்றைக் கேட்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மேலும் இது பெரிய ஓட்டை உள்ளவர்களுக்கு மட்டுமே.

இப்போது ஆய்வுக்கூடத்தில்

உலோகமும் பிளாஸ்டிக்கும் வைத்த நாளிலிருந்து தேயத்தான் செய்யும். உயிருள்ள ஜவ்வையே வளர்த்தால்? இதுதான் இன்றைய ஆராய்ச்சி. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உயிரணுக்களை ஜெல்லிலும், சாய்வு மாற்றி அடுக்கிய நுண்ணிய நார் விரிப்புகளிலும் வளர்த்து, ஒரு முழு ஜவ்வை உருவாக்கினார்கள். முதலில் எலிகளிலும், பிறகு வெள்ளாடுகளின் கழுத்திலும் வைத்தார்கள். ஆடுகளில் எட்டு வாரங்கள் வரை கவனித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். கார்னெல் பல்கலைக்கழகக் குழுவினர் செம்மறியாடுகளில் வேறு வழி பார்த்தார்கள். நடுவில் ஹையலுரானிக் அமில ஜெல். ஓட்டைக்கு கொலாஜன் ஒட்டு. அந்த ஒட்டை பி2 வைட்டமினான ரைபோஃப்ளேவின் சேர்த்து ஒளியால் இறுகச் செய்தார்கள். 2020-ல் அது வெளிவந்தது. இரண்டும் நல்ல செய்திகள்.

ஆனால் எட்டு வாரம் வேறு, நாற்பது ஆண்டு வேறு. ஆட்டின் ஆரோக்கியமான எலும்புக்கு நடுவே வைப்பது வேறு, பல ஆண்டுகளாகச் சத்து ஊறாமல் கெட்டுப்போன மனித முதுகில் வைப்பது வேறு. கோயம்புத்தூர் ஆய்வு சொன்ன ஊற்றுப் பிரச்சினை இங்கே மீண்டும் வருகிறது. புதிய உயிரணுவை வைத்தாலும், அதற்குச் சாப்பாடு போக வழி வேண்டுமே!

எனவே "ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஜவ்வு புதிதாக வளரும்" என்று விளம்பரம் செய்து லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சில இரத்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகள் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை முறையான மருத்துவ ஆய்வில் மட்டுமே பயன்படுத்தலாம். ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், அரசின் பதிவு எண் இருக்கும், நமக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் இருக்கும். மூன்றையும் கேளுங்கள். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இங்கே நம் மக்களுக்கு இன்னொரு கேள்வியும் எழும். இந்தப் பொருட்கள் எதிலிருந்து வருகின்றன? உலோகத்திலும் பாலிஎத்திலீனிலும் பீக்கிலும் அந்தச் சிக்கல் இல்லை. கொலாஜன், ஜெலட்டின் ஆகியவை மாட்டிலிருந்தும் வரலாம், பன்றியிலிருந்தும் வரலாம். ஹையலுரானிக் அமிலம் முன்பு சேவல் கொண்டையிலிருந்து எடுக்கப்பட்டது, இப்போது பெரும்பாலும் நுண்ணுயிர்களை வளர்த்துத் தயாரிக்கப்படுகிறது. எலும்பு ஒட்டு நம் இடுப்பிலிருந்தும் எடுக்கப்படலாம், தானமாகப் பெறப்பட்டதாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. பெட்டியின் மீதுள்ள விவரத்தைப் பார்த்துச் சொல்வார். வேறு வழி உண்டா, அந்தப் பொருள் தன்மை மாறிவிட்டதா, நிர்ப்பந்த நிலையா என்பதையெல்லாம் எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் ஆலிம்கள். பொருளின் பெயரைச் சரியாக எழுதிக்கொண்டு போய் அவர்களிடம் கேளுங்கள். அரைகுறைத் தகவலோடு கேட்டால் பதிலும் அரைகுறையாகத்தான் கிடைக்கும்.

அப்படியானால் நாம் என்ன செய்வது?

இதுவரை சொன்னதன் சாரம் ஒன்றுதான். மனிதன் செய்த பொருள்கள் ஜவ்வின் வேலைகளில் ஏதாவது ஒன்றைச் செய்கின்றன. ஒன்று அசைகிறது, ஒன்று தாங்குகிறது, ஒன்று அடைக்கிறது. எல்லாவற்றையும் செய்து, தன்னைத் தானே பழுதும் பார்த்துக்கொள்ளும் ஒன்று இன்னும் வரவில்லை. ஆகவே அல்லாஹ் தந்த ஜவ்வை முடிந்தவரை காப்பதே முதல் வழி.

முதலாவதாக, எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் ஜவ்வுத் தேய்மானம் தெரிந்தது. தலைமுடி நரைப்பதைப் போல இதுவும் வயதின் அடையாளம். சிகிச்சை படத்துக்கு அல்ல, மனிதருக்கு.

இரண்டாவதாக, பொறுமை பலன் தரும். நெதர்லாந்தில் காலுக்கு இறங்கும் கடும் வலியோடு வந்த 283 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவை. மற்றவர்களுக்கு மருந்தும் கவனிப்பும், தேவைப்பட்டால் பிறகு அறுவை. இரண்டாம் பிரிவில் 39 சதவீதம் பேருக்கு மட்டுமே பிறகு அறுவை தேவைப்பட்டது. அறுவை செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது உண்மை. ஆனால் ஓராண்டு முடிவில் இரண்டு பிரிவிலும் 95 சதவீதம் பேர் குணமடைந்திருந்தார்கள். 2007-ல் வெளிவந்த ஆய்வு இது. பிதுங்கிய பகுதியை உடலே மெல்லக் கரைத்துவிடுவது பலருக்கு நடக்கிறது. வாரக்கணக்கில் படுத்தே கிடப்பதும் கூடாது. முடிந்த அளவு நடங்கள், பிசியோதெரபி செய்யுங்கள்.

மூன்றாவதாக, பொறுத்திருக்கவே கூடாத அறிகுறிகள் உண்டு. இதைத் தாய்மார்கள் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமல் கசிவது. மலம் கட்டுப்பாட்டில் இல்லாதது. மர்ம உறுப்பைச் சுற்றியும், நாம் உட்காரும் இடத்திலும் மரத்துப்போவது. பாதம் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே, அது ஜும்ஆ நாளானாலும் பெருநாளானாலும், பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நரம்பு நசுங்கியிருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. வெட்கப்பட்டு மறைத்தால் வாழ்நாள் முழுக்க சிறுநீர்க் குழாயோடு இருக்க நேரலாம். காய்ச்சல், எடை குறைதல், இரவில் எழுப்பும் வலி இருந்தால் அது ஜவ்வாக இல்லாமல் எலும்புக் காசநோயாகவோ புற்றுநோயாகவோ இருக்கலாம். அதையும் தள்ளிப்போடக் கூடாது.

நான்காவதாக, மருத்துவர் அறுவை சிகிச்சை என்று சொன்னால் ஐந்து கேள்விகள் கேளுங்கள். எனக்கு எந்த அறிகுறிக்காக இது? செய்யாமல் காத்திருந்தால் என்ன ஆகும்? வெறுமனே பிதுங்கியதை அகற்றினால் போதுமா, ஏதாவது பொருத்த வேண்டுமா? பொருத்தினால் அது எந்தப் பொருள், ஏன் அது? அரசுக் காப்பீட்டு அட்டையில் இது அடங்குமா? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளை விரும்புவார். பொருத்திய பிறகு அதன் அட்டையை, அதாவது பெயரும் எண்ணும் ஒட்டிய சீட்டை, பத்திரமாக வைத்திருங்கள். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்கவும், ஹஜ், உம்ரா பயணத்தில் விமான நிலையச் சோதனையிலும் அது உதவும்.

அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதுகு அறுவைக்கு உதவி கேட்டு மனு வந்தால், அவசர அறிகுறி உள்ளவருக்கு விசாரணையால் தாமதம் ஆகாமல் அன்றே வழி செய்யுங்கள். அவசரம் இல்லாதவருக்கு, பணம் தருவதற்கு முன் அரசு மருத்துவக் கல்லூரியிலாவது வேறு ஒரு மருத்துவரிடமாவது இரண்டாவது கருத்துக் கேட்க உடன் ஒருவரை அனுப்புங்கள். நம்மிடம் இருக்கும் ஸதகாவும் ஜகாத்தும் அமானிதம். தேவையில்லாத உலோகத்துக்கு அது போனால், தேவைப்படும் ஒருவரின் காலுக்குப் போகாமல் போய்விடும்.

நம் வீடுகளிலும் கடைகளிலும் சுமை தூக்குபவர்களை நினைத்துப் பாருங்கள். சமையல்காரர், மூட்டை தூக்குபவர், நாள் முழுக்கத் தையல் எந்திரத்தில் குனிந்திருக்கும் பெண். தேக்சாவை இரண்டு பேர் தூக்கச் சொல்லுங்கள். தையல்காரருக்கு மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க அனுமதி கொடுங்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை. எந்த ஆய்வுக்கூடமும் இன்னும் செய்ய முடியாத ஒன்றை, இருக்கும் ஜவ்வைக் காப்பதை, நாம் இன்றே செய்யலாம்.

நோயுற்றோருக்கு அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைக் கவனிக்கும் குடும்பத்தாருக்குப் பொறுமையைத் தருவானாக. மருத்துவர்களின் கைகளிலும் ஆய்வாளர்களின் முயற்சியிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரக்காத்துஹு.